அஞ்சலிகளும் ஒரு கோபி நாயனக்காரரும்

தமிழில் கலைஞனுக்கு அஞ்சலி எழுத ஒரு அச்சு இருக்கிறது. ஆள் போன மறுவாரம் பெயரையும் ஊரையும் அதில் ஊற்றினால் போதும். ஏழைக் குடும்பம், சிறுவயதில் ஏதோ ஒரு கைவேலை, அந்தப் பையனிடம் ஞானம் இருப்பதை ஒரு பெரியவர் கண்டுகொள்வது, பிறகு குருகுலம், அரங்கேற்றம், பட்டம், பொன்னாடை. இந்தக் கதையில் கைவேலைக்கு முதல் அத்தியாயத்தோடு சரி. கலை வந்ததும் அது பாம்புச் சட்டை மாதிரி கழன்றுவிட வேண்டும். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அரண்மனையில் விளக்கேற்றும் வேலையில் இருந்தவர் என்பதை லயம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் ஒரு கசிவு வரும். விளக்கை விட்டுவிட்டு அவர் கஞ்சிராவுக்கு வந்து சேர்ந்தாரே, அதற்கான கசிவு அது. அவர் கடைசிவரை விளக்கும் ஏற்றிக்கொண்டு கஞ்சிராவும் வாசித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? எழுதியே இருக்கமாட்டார்கள் என்பது என் கட்சி.

கோபிசெட்டிபாளையத்தில் அப்படிக் கடைசிவரை விடாத ஒருவர் இருந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சலூன். இரண்டு நாற்காலி, ரசம் போன கண்ணாடி, ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் நாலாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் துணி உறை போட்டு ஒரு நாயனம். அவர் பெயரை நான் எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவரைப் பற்றி எழுதப்போவதாகச் சங்கீத விமர்சனத்தில் கொஞ்சம் பெயருள்ள ஒருவரிடம் சொன்னேன். "கல்யாணத்துக்கு வாசிக்கிறவரா? அது தொழில் அல்லவா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. சாதாரணமாக, எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்கு நினைவூட்டுகிற தொனியில் சொன்னார். அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

தொழில்தான். இரண்டு தொழில். இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தன என்பதைக் கணக்காகவே சொல்லலாம். கொங்கு நாட்டில் நாயனத்தையும் தவிலையும் தூக்கியவர்களில் பலர் நாவிதர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து இசை வேளாளர் பரம்பரைகளுக்கு இருந்தமாதிரி கோயில் மானியம், மடத்து ஆதரவு என்கிற ஏற்பாடு இங்கே அந்த அளவுக்கு இல்லை. முன்காலத்தில் களத்தில் அளந்து போட்ட தானியம். அதில் கத்திக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிறகு டவுனுக்கு வந்து சலூன் போட்டார்கள். கலை வரலாற்றில் இது ஒரு பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். ஒருவன் வீட்டு வாசலில் போய் நிற்பது போய், அவன் இவர் கடைக்கு வந்து பெஞ்சில் காத்துக்கொண்டு உட்காருகிறான். கையில் காசு வாங்குகிறார். அந்தக் காசில்தான் நாயனம் வாழ்ந்தது.

ஏனென்றால் முகூர்த்தம் வருஷம் பூராவும் கிடையாது. ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. இருக்கிற மாதங்களிலும் தேய்பிறையைக் கழித்து, கிழமை பார்த்து, ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து மோதிக்கொள்வதையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். மார்கழிக் கடைசியில் பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டமும் தேரும் வரும். பங்குனி உத்திரத்துக்குப் பச்சைமலை. அதற்கெல்லாம் கொடுப்பது கல்யாணச் சம்பளம் ஆகாது. நாயனத்தை மட்டும் நம்பியவன் வருஷத்தில் சில மாதம் கடன்காரனாக இருக்க வேண்டியதுதான். நாற்காலி அவரைக் கடன்காரராக்காமல் காப்பாற்றியது. அதே நாற்காலி அவரைத் தின்றதும் உண்டு: முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் சலூனின் முழுவார வருமானம் போயிற்று. சலூனுக்கு விடுமுறை செவ்வாய். செவ்வாய்க்கிழமையில் எவன் கல்யாணம் வைப்பான்?

செலவும் உண்டு. நாயனம் நரசிங்கம்பேட்டை ஆச்சாரிகள் ஆச்சா மரத்தில் கடைவது (2022ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், கொடுத்ததும் நாலு நாள் பத்திரிகைகளில் நாதஸ்வரம் நிறைந்து வழிந்தது). சீவாளி கொறுக்கைத்தட்டையில் திருவாவடுதுறைப் பக்கம் செய்வது. காவேரியின் கீழ்க்கோடியிலிருந்து பவானிக்கரைக்கு அது வந்து சேரவேண்டும். வருவதில் பாதி சரியாகப் பேசாது. பேசுவதும் எத்தனை நாளைக்கு என்பது சொல்வதற்கில்லை. தவில்காரருக்கும் ஒத்துக்கும் தாளத்துக்கும் பங்கு கொடுத்தாக வேண்டும். ஒத்துக்காரருக்குக் கொடுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் சுருதிப் பெட்டி வந்தது. இந்தக் கணக்கை மனசில் போட்டுக்கொண்டே ஒரு மனிதர் ஐம்பது வருஷத்துக்குமேல் வாசித்திருக்கிறார். விமர்சக நண்பர் "தொழில்" என்ற ஒரு சொல்லில் இதைத் தள்ளிவிட்டு மேலே போகிறார்.

சரி, வாசிப்பு எப்படி? அஞ்சலிக்காரர்கள் இந்த இடத்தில்தான் பொய் சொல்வார்கள். அவர் ராஜரத்தினம் பிள்ளை அல்ல. அப்படிச் சொன்னால் அது அவருக்கே அவமானம். தோடியைத் தொட்டால் ராஜரத்தினத்தின் இசைத்தட்டு காதுக்குள் குறுக்கே வந்து நிற்கும். அது அவருக்கும் தெரியும், ஆகவே அதிகம் தொடமாட்டார். மேல்ஸ்தாயியில் மூச்சு சில நாள் பிசிறும். பல்லவி, கணக்கு இதெல்லாம் அவர் பலம் இல்லை. தவில்காரர் தன்பாட்டுக்கு ஓடினால் இவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நிற்பார்.

ஆனால் கரகரப்ரியா. அதை அவர் எப்போது வாசிப்பார் என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில வருஷம் பிடித்தது. தாலி கட்டியாயிற்று, கெட்டிமேளம் அடங்கிவிட்டது, பந்தலில் இருந்த கூட்டம் மொத்தமும் பந்திக்கு ஓடிவிட்டது. மணவறையில் போட்டோக்காரர். நாற்காலிகளில் அங்கங்கே கிழவிகளும் தூங்கும் குழந்தைகளும். அப்போது ஆரம்பிப்பார். ரிஷபத்தில் போய் நின்றுகொள்வார். காந்தாரத்தை உடனே தரமாட்டார். அதன் வாசல்வரை போய்த் திரும்பி வருவார், மறுபடி போவார். நாயனத்தில் விரலுக்கென்று துளை ஏழுதான். காந்தாரத்தின் அந்த அசைவை விரல் மட்டும் கொடுத்துவிடாது. உதடு, மூச்சு, சீவாளியைக் கவ்வுகிற அழுத்தம் எல்லாம் சேர்ந்து அந்த நிமிஷத்தில் உண்டாக்க வேண்டும். அவர் உண்டாக்கினார். அரைமணி, சில சமயம் அதற்கும் மேல். உள்ளே ரசத்துக்கு இலையில் சாதத்தைக் குழி பறித்துக்கொண்டிருந்த ஐந்நூறு பேருக்கு அது பின்னணிச் சத்தம். இவருக்கு அதுதான் கச்சேரி. யாரும் கேட்காத நேரத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தை எந்த சபா மேடையில் பார்க்க முடியும்? சபாவில் ரசிகன் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேட்கத் தயாராக வந்து உட்கார்ந்திருக்கிறான். அங்கே நன்றாக வாசிப்பது ஒரு காரியம். இங்கே வாசிப்பது வேறு ஒரு காரியம்.

கேட்கத் தொடங்கினால் என்ன கேட்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். 1962ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைத் தமிழ்நாடு முழுக்கத் தியேட்டரில் கேட்டது. 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்'. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்குச் சிவாஜி கணேசன் கன்னத்தை உப்பினார். அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் எந்தக் கல்யாணத்திலும் நாயனக்காரர் அந்தப் படப் பாட்டை வாசிக்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரும் ரசித்துத்தான் வாசித்தார். அந்தப் படம் செய்த வேறொரு காரியம்தான் என் விஷயம். நாயனக்காரன் என்றால் பட்டு ஜிப்பா, சீற்றம், காதல், மானம். நாள் முழுக்க அவனுக்கு வாசிப்பதைத் தவிர ஜோலியே கிடையாது. சிக்கல் சண்முகசுந்தரத்துக்குத் திங்கட்கிழமை காலையில் திறக்க ஒரு கடை இருக்கிறதாக நினைத்துப் பாருங்கள். தமிழனால் முடியாது. கலைஞன் என்றால் வேறு வேலை இல்லாதவன் என்பது மனசில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

இனி மங்கல வாழ்த்து. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சீர்களை அருமைக்காரர் நடத்துவார். வாழ்த்துச் சொல்கிற உரிமை குடிமகனுக்கு, அதாவது நாவிதருக்கு. கல்யாணத்துச் சடங்குகளையே வரிசையாகச் சொல்லிப்போகிற நீண்ட பாட்டு. நிறுத்துகிற இடத்துக்கெல்லாம் மேளத்தில் ஒரு தட்டு விழும். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. அவர் சொல்லும்போது அந்தத் தட்டுக்கும் அடுத்த வரிக்கும் இடையில் விடுகிற இடைவெளி ஒருமுறை போல் ஒருமுறை இருக்காது. எதுகை வருகிற இடத்தில் சொல்லை விழுங்கமாட்டார். புதுக்கவிதைக்காரர்களுக்கு வரிமுறிப்பைப் பற்றி நிறையச் சந்தேகம் இருக்கிறது. ஒரு நாள் போய்க் கேட்டிருக்கலாம். இதை அச்சில் போடுகிறவர்கள் 'கம்பர் பாடியது' என்று போடுகிறார்கள். கம்பர் பாடினாரா என்கிற ஆராய்ச்சி எனக்கு இப்போது வேண்டாம். பாடியதாகவே இருக்கட்டும். அதை இதுவரை ஏட்டில் பூட்டி வைக்காமல் வாயில் வைத்துக் காப்பாற்றியது யார்? எந்தப் புத்தகத்தின் முகப்பிலாவது இன்ன ஊர், இன்ன குடிமகன் சொல்லக் கேட்டு எழுதியது என்று பெயர் போட்டுப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. கம்பரின் பெயர் பாட்டுக்குக் கௌரவம் கொடுக்கிறது; சொன்னவன் பெயர் கௌரவத்தைக் குறைத்துவிடும் என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மணவறைக்கு முன்னால் வாழ்த்துச் சொல்லும்போது அந்த வாக்குக்கு ஊர்ப் பெரியவர்கள் தலை குனிவார்கள். சொல்லி முடித்துப் பந்தலை விட்டு வெளியே வந்தால் எட்டு வயதுப் பையன் அந்த அறுபது வயதுக்காரரை ஒருமையில் கூப்பிடுவான். அவர் "சொல்லுங்க சாமி" என்பார். இரண்டும் ஒரே நாளில், ஒரே பந்தலில். இதை நான் பார்த்திருக்கிறேன், கோபியில் பலரும் பார்த்திருப்பார்கள்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1930ல் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசித்ததற்கே கலகம் வந்தது. பட்டுக்கோட்டை அழகிரி துண்டை எடுக்காதே என்று நின்றதைச் சுயமரியாதைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜரத்தினம் கிராப்பும் கோட்டுமாக, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். அவ்வளவு பெரிய ஆளுக்கும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கிடைக்கவில்லை. 1956 டிசம்பரில் போய்ச்சேர்ந்தார். ஆனாலும் ராஜரத்தினத்தை வரலாறு விடவில்லை, விடவும் முடியாது. துண்டுக்காகச் சண்டை போடும் வசதிகூட இல்லாமல் மறுநாள் காலை அதே வீட்டுக்காரனின் தலையைப் பிடித்து முடி வெட்டவேண்டியவனுக்குத்தான் வரலாறு கிடையாது.

அவனுக்குத்தான் நாட்டாரியல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காங்கயம் பக்கத்தில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் 1972ல் கொங்குச் சமூகத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். யார் யாருக்கு என்ன இடம், எந்தச் சடங்கில் யார் நிற்பது என்பதையெல்லாம் நுணுக்கமாக எழுதியவர். மானிடவியல் செய்யவேண்டியதை அது செய்தது. அதற்குக் 'குடிமகன்' என்கிற ஸ்தானம் போதும். அந்த ஸ்தானத்தில் நின்ற ஆளின் கரகரப்ரியா அதற்கு அவசியம் இல்லை. கரகரப்ரியாவைப் பற்றிப் பேசவேண்டியது சங்கீத விமர்சனம். அது "தொழில் அல்லவா" என்று கேட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டது. ஆக, ஒரு பக்கம் வித்வான், இன்னொரு பக்கம் நாட்டார் கலைஞர். இரண்டு பெட்டி. வித்வானுக்குப் பெயர் உண்டு, ஜாதியும் ஜீவனோபாயமும் அடக்கமாக மறைந்துகொள்ளும். நாட்டார் கலைஞருக்கு ஜாதியும் ஜீவனோபாயமும் உண்டு, பெயர் மறைந்துகொள்ளும். கோபிக்காரர் இரண்டிலும் சேரவில்லை.

சிறுபத்திரிகை உலகம் இதில் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். நம்மவர்களில் தொழில் இல்லாதவன் யார்? சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தினார். 'நாகம்மாள்' எழுதிய நம் ஆர். சண்முகசுந்தரம் கோவையில் அச்சகம் நடத்தினார். செல்லப்பா 'எழுத்து'ப் பிரசுரங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். பாங்கு குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் எல்லோரும் சேர்ந்து வளர்த்ததுதான் நவீன தமிழ் இலக்கியம். இவர்களைப் பற்றி எழுதும்போது தொழில் ஒரு ருசியான தகவல். சுந்தர ராமசாமியின் துணிக்கடையைப் பற்றி எத்தனை பேர் எவ்வளவு வாஞ்சையோடு எழுதிவிட்டார்கள்! எழுத்தாளன் கல்லாவில் உட்கார்ந்தால் அது அவன் உலகத்தைப் பார்க்கிற ஜன்னல். நாயனக்காரன் சலூன் வைத்திருந்தால் அவன் முழுநேரக் கலைஞன் இல்லை. தொழிலே இழுக்கு என்றுகூட இவர்களால் நேர்மையாகச் சொல்லமுடியாது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருந்து விற்ற பணத்தில் சங்கீத மகாநாடுகள் நடத்தி, 1917ல் 'கருணாமிர்த சாகரம்' போட்டார்; மருந்து வியாபாரம் அவர் ஞானத்துக்குக் குறைவாக யாருக்கும் படவில்லை, படவும் கூடாது. எந்தத் தொழில் என்பதுதான் கேள்வி. வேடிக்கை என்னவென்றால் நாவிதருக்கும் தமிழில் பண்டிதர், மருத்துவர் என்றெல்லாம் பெயர் உண்டு.

அஞ்சலி என்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்தச் சலூன் நாற்காலியில் நெடுங்காலம் சேரிக்காரர் ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கொங்குக் கிராமங்களில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்ததும் இதே கைகள்தான். மறுக்கச் சொன்னவர்கள் யார் என்பது தனி விஷயம், வெட்டினால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்ற பயமும் உண்மை. ஆனாலும் மறுப்பு மறுப்புதான். தன்னை ஒருமையில் கூப்பிட்டதை உள்ளே வைத்துக்கொண்டவர், இன்னொருவரைத் தானும் ஒருமையில் கூப்பிட்டார். இதை விட்டுவிட்டு அவரை மகானாக்கிப் படத்துக்கு மாலை போடுவது என்னால் ஆகாது. பெரிய வித்வான்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய அகங்காரத்தையும் குடியையும் மேதைமையின் அலங்காரமாக எழுதுகிறவர்கள், சின்ன மனிதர் என்றால் மட்டும் அப்பழுக்கில்லாதவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைத் தேடிப் போய், தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்து பர்லாந்தும் மற்றவர்களும் பெயரோடும் தோலோடும் உளியோடும் நிற்கிற மாதிரி 2020ல் புத்தகம் போட்டார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில் பர்லாந்தின் கை எவ்வளவு என்று அதன்பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. வேறு இடத்தில் நடந்தது. மாட்டுத்தோலைப் பற்றிப் பேசினால் இடம் போகும் என்றால், பேச்சில் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். நாயனத்துக்கும் தவிலுக்கும், கொங்கு நாட்டுச் சலூன்களுக்குள் தொங்கிய உறைகளுக்கும் அப்படி ஒருவர் போகவில்லை. சத்தியிலும் அந்தியூரிலும் பவானியிலும் வாழ்த்துச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன கற்றார், யாரிடம், எந்த ராகத்துக்குப் பயப்படுவார், சம்பளம் எவ்வளவு, கடைக்கு வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். வாடகையை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் எழுதினால் அது பழைய அச்சுதான்.

பெயருக்கு வருகிறேன். எழுதுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறான். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினான்.

"நாயனத்தப் பத்தி எழுதுங்க, பேரும் போட்டுக்கங்க. கடயப் பத்தி எழுதாதீங்க. கம்பெனில தாத்தா மியூசிக்ல இருந்தாருன்னுதானுங்க சொல்லி வெச்சுருக்கேன். எங்க வூட்ல தங்கச்சிக்கு மாப்ள பாக்கறாங்க."

"கடயிலதானப்பா அவர் சாதகம் பண்ணாரு. அத விட்டுட்டு எப்படி எழுதறது?"

"அப்பப் பேர வுட்ருங்க."

அவன் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அவனுக்கு முன்னால் இரண்டு வழி, எனக்கும் இரண்டு வழி. நாயனத்தை மட்டும் எழுதிப் பெயரைப் போடலாம். அந்த அஞ்சலியை எந்த வாரப் பத்திரிகையும் படத்தோடு போடும். இரண்டையும் எழுதிப் பெயரை விடலாம். நான் இரண்டாவதைச் செய்திருக்கிறேன். விமர்சக நண்பர் இதைப் படித்துவிட்டு, பெயரில்லாதவனுக்கு என்ன அஞ்சலி என்று கேட்பார். அந்தப் பையன் பெயரை மறைக்கச் சொல்வதில் "தொழில் அல்லவா" என்றவருக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் அவர் சொல்லட்டும். பதிலுக்கு இதே பத்திரிகையில் இடம் கிடைக்கும்.